மானிட்டர் முன்னாடி உக்காந்தா முகம் எரியுது, தலை விண்ணுனு வலிக்குது. இது ரேடியேஷனா?

சித்திரச்செல்வி | ஞாயிறு, இரவு 10.42

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போயிருவேன், இன்னைக்குத்தான் முதல் தடவையா எழுதறேன். நான் சிவகாசில ஒரு ஆப்செட் பிரஸ்ல டிடிபி டிசைனர், 11 வருஷமா இதே வேலைதான். இப்ப காலண்டர் சீசன், காலைல 9 மணிக்கு உக்காந்தா எந்திரிக்க ராத்திரி 8 ஆயிரும்.

பொங்கலுக்கு அப்புறம் ஆபீஸ்ல மானிட்டர் மாத்தினாங்க, 27 இன்ச், பெருசு. அதுலருந்து ஆரம்பிச்சது. 11 மணி வாக்குல கன்னமும் காதும் காயுது, விறகடுப்பு முன்னாடி நின்னா ஒரு அனல் அடிக்குமே அப்படி. பிறகு வலது புருவத்துக்கு மேல விண்ணு விண்ணுனு வலி, சாயந்திரம் வரைக்கும் விடாது. ஞாயித்துக்கிழமை வரதில்ல. வீட்ல என் லேப்டாப்பை எடுத்தா அது வேற மாதிரி, மணிக்கட்டு படற இடத்துல எறும்பு ஊர்ற மாதிரி ஒரு சிலுசிலுப்பு.

சொந்தக்காரர் ஒருத்தர் எலக்ட்ரோ சென்சிட்டிவிட்டினு, அதாவது மின்காந்த அலை உடம்புக்கு ஒத்துக்காதுன்னு, ஒரு வீடியோ அனுப்பினார், அதுல சொன்னது அத்தனையும் எனக்கு இருக்கு. அதோட விட்டாரா, தெரிஞ்ச ஆள்னு ஒருத்தரை அனுப்பி வச்சார், அவர் மானிட்டர் பின்னாடி ஒட்டற சிப் ஒண்ணை 1,800 ரூபாய்க்கு குடுத்துட்டுப் போனார். ஒட்டி ரெண்டு வாரம் நல்லாத்தான் இருந்துச்சு. மூணாவது வாரம் பழைய குருடி கதவைத் திறடி.

முதலாளி சிரிக்கிறார். வீட்டுக்காரர் உனக்கு வேலைக்குப் போக சடவுன்றார். யாருக்காவது இப்படி இருக்கா? நிஜமா கேக்கறேன்.

கோபுரம்_வேண்டாம் | ஞாயிறு, இரவு 11.15

அக்கா நூத்துக்கு நூறு அதேதானுங்க. எங்க வீட்டுக்கு அடுத்த மொட்டைமாடில டவர் வச்சு நாலு வருஷமாச்சு, எங்கம்மா தூங்கி நாலு வருஷமாச்சு. உலக சுகாதார நிறுவனத்தோட தலைவியா இருந்த குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட், நார்வேல பிரதமரா இருந்தவங்க, அவங்களே 2002-ல செல்போன் பக்கத்துல வந்தா தலைவலி வருதுன்னு பேப்பர்ல சொன்னாங்க, ரூமுக்குள்ள யாரும் போன் கொண்டுட்டு வரக்கூடாதுன்னாங்க. அவங்களும் சடவுக்குத்தான் சொன்னாங்களாமா? 2011-ல அதே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் அமைப்பு ரேடியோ அலையை புற்றுநோய் வரலாம்ங்கிற லிஸ்ட்ல சேத்துச்சு. அமெரிக்கால கிரீன் பேங்க்னு ஒரு ஊரு, அங்க செல்போன் டவரே கிடையாது, இந்த மாதிரி பாதிக்கப்பட்டவங்க அங்க போய் குடியிருக்காங்க. முதல்ல வைஃபையை ஆஃப் பண்ணுங்க.

குசும்பன் | ஞாயிறு, இரவு 11.31

1,800 ரூபாய்க்கு சிப்பா, அந்தக் காசுக்கு ரெண்டு பேருக்கு பொரிச்ச புரோட்டா வாங்கி ஒரு மாசம் சாப்பிட்டிருக்கலாமே க்கா. 2020-ல டெல்லில மத்திய அரசோட பசு நல அமைப்பு ராஷ்ட்ரிய காமதேனு ஆயோக் தலைவரு மாட்டுச் சாணில சிப் செஞ்சு இது போன் கதிர்வீச்சைக் கொறைக்கும்னு பிரஸ்மீட் வச்சாரு, நல்லவேளை உங்காளு வித்தது நாறலைல்ல.

பௌதிகவாத்தியார் | திங்கள், காலை 6.05

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன், தென்காசிப் பக்கம். கொஞ்சம் தெளிவாப் பேசுவோம். மின்காந்த அலைன்னாலே பயந்துக்க வேண்டியதில்ல, உன் கண்ணுல படற வெளிச்சமும் அதான், அடுப்பு அனலும் அதான். கிரீன் பேங்க்ல டவர் இல்லாதது நோயாளிக்காக இல்ல தம்பி, அங்க ரேடியோ டெலஸ்கோப் இருக்கு, அதுக்கு இரைச்சல் ஆகாதுன்னு 1958-லயே 13,000 சதுர மைலை அமைதி மண்டலமா அறிவிச்சாங்க, ஆளுக போய் குடியேறுனது ரொம்பப் பிந்தி. 2011 லிஸ்ட்டுக்கும் தலைவலிக்கும் சம்பந்தம் கிடையாது, அது புற்றுநோயைப் பத்தினது, அதே 2பி, அதாவது 'வரலாம்'ங்கிற வகுப்புல ஆசிய முறைல உப்புல ஊறப்போடற காய்கறியும் இருக்கு.

இந்த எலக்ட்ரோ சென்சிட்டிவிட்டியை எத்தனையோ பேரு சோதிச்சுப் பாத்தாச்சு. லண்டன் கிங்ஸ் காலேஜ்ல ரூபின் குழு 2006-ல ஒரு சோதனை செஞ்சாங்க, செல்போன்னா தலைவலி வருதுங்கிறவங்க 60 பேரு, அப்படி ஒண்ணும் வராதவங்க 60 பேரு. சிக்னல் நெசமாவே வரப்போ இருக்குன்னு சொன்னவங்க 60 சதவீதம், சிக்னலே இல்லாம சும்மா வச்சப்போ இருக்குன்னு சொன்னவங்க 63 சதவீதம். 2010-ல இது மாதிரி 46 சோதனைகளை, மொத்தம் 1,175 பேரு, ஒண்ணாச் சேத்துப் பாத்தாங்க, அலை இருக்கா இல்லையான்னு உடம்பால கண்டுபிடிக்க முடியும்ங்கிறதுக்கு உருப்படியான ஆதாரம் கிடைக்கல. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அவ்வளவுதான்மா.

சித்திரச்செல்வி | திங்கள், மதியம் 1.20

அப்ப நான் நடிக்கிறேன்றீங்களா சார்? இப்ப மதியச் சாப்பாட்டு நேரம், கன்னத்துல ஈரக் கர்ச்சீப் வச்சுட்டுத்தான் இதை டைப் பண்றேன். 46 சோதனைல என் பேரு இல்லையே. பேயினு சொன்னதுக்கு பதிலா என்ன பண்ணணும்னு சொல்லியிருக்கலாம்.

ரிச்சி_மணி | திங்கள், இரவு 9.50

வாத்தியாரே, சொன்னது சரிதான், சொன்ன விதம் சரியில்ல. அந்த லண்டன் சோதனைல இன்னொண்ணு இருக்கு, சிக்னலே இல்லாம உக்கார வச்சப்பவும் சிலருக்கு தாங்க முடியாத அளவுக்கு வந்துடுச்சு, அதாவது வலி நெஜம். நடிச்சா அப்படி வராது. காரணம் அலை இல்லைங்கிறது வேற, வலி இல்லைங்கிறது வேற.

தங்கச்சி, நான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல 92-லருந்து மானிட்டர் சர்வீஸ் பண்றவன். டப்பா மானிட்டர் காலத்துல இந்த கம்ப்ளெயின்ட் தெனம் ஒண்ணு வரும். கஸ்டமர் வருவாரு, சார் உங்க மானிட்டர் ரேடியேஷன் அடிக்குது, தலை வெடிக்குதும்பாரு. நான் பேசமாட்டேன். டிஸ்பிளே செட்டிங் தொறப்பேன், ரிஃப்ரெஷ் ரேட் 60-ல கெடக்கும், ஏன்னா விண்டோஸ் போட்டவுடனே அதுல தான் நிக்கும், யாரும் மாத்தமாட்டாங்க. அதை 85 ஆக்குவேன், படக்குனு ஒரு தடவை ஸ்க்ரீன் கருத்து திரும்பி வரும், ஆளு பாத்துட்டு அட ன்னுவாரு. செகண்டுக்கு 60 தடவை வெள்ளை ஸ்க்ரீன் மினுக்கிச்சுன்னா நேரா பாத்தா தெரியாது, ஓரக்கண்ணுல தெரியும், மண்டைக்கு நல்லாவே தெரியும். நூறு ரூபா வாங்கிக்குவேன். அதுல பாதிப் பேரு திரும்பி வரல.

அப்பல்லாம் ஸ்க்ரீன் முன்னாடி மாட்ற கண்ணாடி ஃபில்டர் ஒண்ணு விப்பாங்க ஞாபகம் இருக்கா, ஓரத்துல ஒரு மெல்லிசு ஒயரும் கிளிப்பும் தொங்கும். அது எர்த்ல போடறதுக்கு. டப்பா மானிட்டர் டியூபுக்குள்ள 25,000 வோல்ட் ஓடும், கண்ணாடி மேல ஸ்டாட்டிக் ஏறும், கைய கிட்ட கொண்டுபோனா முடி சிலிர்க்கும், தூசி வந்து அப்பும். அந்த ஒயரை எர்த் பண்ணாத்தான் அது எறங்கும். என் சர்வீஸ்ல அந்த ஒயரை மாட்டுன வீடு ஒண்ணுகூட நான் பாத்ததில்ல, எல்லாரும் சுருட்டி டேப் போட்டு வச்சிருப்பாங்க.

உங்களுது எல்இடி. அந்த 25,000 வோல்ட் சமாச்சாரம் இதுல கிடையாது. ஆனா மினுக்கல் போகல, இடம் மாறிடுச்சு. பிரைட்னெஸ் எத்தனைல வச்சிருக்கீங்க சொல்லுங்க.

தீபன்_ஸ்டாக்ஹோம் | திங்கள், இரவு 11.58

வணக்கம். இந்த வருத்தத்தின்ர (நோயின்ர) பிறந்த ஊரே நான் இருக்கிற நாடுதான், அதால எழுதுறன். 80களில இஞ்ச கந்தோர்களில (ஆபீசுகளில) கொம்பியூட்டர் வரேக்க, டைப் அடிக்கிற பெண்டுகளுக்கு முகம் சிவந்து எரியத் தொடங்கிச்சுது. அதுக்கு திரை வருத்தம் எண்டு சுவீடிஷில ஒரு சொல்லே இருந்தது. முதல்ல ஆரும் நம்பேல்லை, உங்கட முதலாளி மாதிரித்தான் சிரிச்சவை. பிறகு மின்சாரத்தாலயும் திரையாலயும் பாதிக்கப்பட்ட ஆக்கள் எண்டு பேர் வைச்சு ஒரு சங்கமே தொடங்கிச்சினம்.

கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழகத்தில ஒல்லே யோஹான்சன் எண்ட ஆராய்ச்சியாளர் தோலை வெட்டி எடுத்துப் பாத்து, அதில மாற்றம் இருக்கு எண்டு எழுதினவர். மற்றப் பக்கம் தோல் டொக்டர்மார் சோதிச்சால் கனபேருக்கு ரோசேசியா போல வழமையான தோல் வருத்தங்களும் இருந்தது. இஞ்சத்தைய குளிர் காலத்தில கட்டிடத்துக்குள்ள காத்து காய்ஞ்சுபோய்க் கிடக்கும், கார்ப்பெட்டில நடந்து வந்து கதவுப் பிடியைத் தொட்டால் பொறி பறக்கும். அந்த வறட்சி, ஸ்டாட்டிக், தூசி எல்லாம் முகத்தில வந்து படிஞ்சதும் ஒரு காரணம் எண்டு அப்பவே கதைச்சவை.

ஆனால் ஒரு நல்ல விசயம் நடந்தது. காரணம் என்ன எண்டு சண்டை பிடிச்சுக்கொண்டு இருக்காமல், திரையில இருந்து வாறதைக் குறைப்பம் எண்டு முடிவெடுத்தினம். 1990-ல எம்பிஆர் 2 எண்டு ஒரு அளவு, 50 சென்ரிமீற்றர் தூரத்தில காந்தப் புலம் 250 நானோடெஸ்லாவுக்கு மேல போகக்கூடாது எண்டு. பிறகு தொழிற்சங்கக் கூட்டமைப்பு டிசிஓ, 92-ல அதைவிட இறுக்கமா ஒண்டு கொண்டுவந்தது. மணி அண்ணை, நீங்கள் திருத்தின மானிட்டர்களில அந்த டிசிஓ ஸ்ரிக்கர் பாத்திருப்பியள்.

ரிச்சி_மணி | செவ்வாய், காலை 8.10

பாத்திருக்கேன் தம்பி! டிசிஓ 95, 99-னு மூலைல ஒட்டியிருக்கும். கஸ்டமர் கேட்டா அது கம்பெனி கொடுத்த ஐஎஸ்ஐ மாதிரினு சொல்லி சமாளிச்சிருக்கேன். ஸ்வீடன் டைப்பிஸ்ட் அக்காங்க சண்டை போட்டு வாங்குனதுன்னு இன்னைக்குத்தான் தெரியும்.

கோபுரம்_வேண்டாம் | செவ்வாய், காலை 9.02

பாத்தீங்களா, சுவீடன்லயே ஒத்துக்கிட்டாங்க.

தீபன்_ஸ்டாக்ஹோம் | செவ்வாய், மாலை 4.40

தம்பி, ஒத்துக்கொண்டது வருத்தத்தை, காரணத்தை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2004-ல பிராக்கில கூட்டம் வைச்சு, 2005 கடைசியில அறிக்கை விட்டது: அறிகுறிகள் உண்மையானவை, சிலருக்கு வேலை செய்ய ஏலாத அளவுக்குக் கூட வரும், ஆனால் மின்காந்தப் புலத்தோட அதைத் தொடுக்க அறிவியல் அடிப்படை இல்லை எண்டு. இன்னொண்டு யோசிச்சுப் பாரும், பழைய பெட்டி மானிட்டர் போய் தட்டைத் திரை வந்து அந்தப் புலங்கள் எவ்வளவோ குறைஞ்சுபோச்சு. வருத்தம் அதோட நிண்டுபோயிருக்க வேணுமெல்லே. ஆக்கள் திரையை விட்டுட்டு செல்போனையும் வைஃபையையும் சொல்லத் தொடங்கிச்சினம்.

ரம்யா_கண்ணாடி | செவ்வாய், இரவு 9.15

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், கண் பவர் செக் பண்றவ. அக்கா மூணு கேள்வி. கண்ணாடி போடறீங்களா, கடைசியா எப்ப செக் பண்ணீங்க? ஏசி காத்து எந்தப் பக்கம் இருந்து அடிக்குது? மானிட்டரோட மேல் விளிம்பு உங்க கண்ணுக்கு மேலயா கீழயா?

சும்மா உக்காந்து பேசறப்ப நிமிஷத்துக்கு 15, 20 தடவை இமைப்போம், ஸ்க்ரீன்ல மூழ்கிட்டா அது பாதிக்கும் கீழ போயிரும். 27 இன்ச்சை பழைய 19 இன்ச் வச்ச அதே தூரத்துல வச்சா நிமிந்து முழிச்சுப் பாக்கணும், கண்ணு அகலமா தொறந்தே இருக்கும், சீக்கிரம் காஞ்சிரும். புருவத்துக்கு மேல வலினு வரவங்கள்ல நிறைய பேருக்கு எங்க கிளினிக்ல பவர்தான் மாறியிருக்கு.

சித்திரச்செல்வி | செவ்வாய், இரவு 10.30

கண்ணாடி இருக்கு, செக் பண்ணி மூணு வருஷம் இருக்கும். ஏசி நேரா என் தலைக்கு மேல, காத்து முகத்துலதான் விழும், ஸ்கேனிங் மெஷினுக்காக 20-ல வச்சிருப்பாங்க. மானிட்டர் கண்ணை விட மேல. பிரைட்னெஸ் 15, மணி அண்ணா. கண்ணு கூசுதுன்னு நானே குறைச்சேன்.

ரிச்சி_மணி | செவ்வாய், இரவு 10.52

15-ஆ! அங்கதான் இருக்கு சூட்சுமம். விலை கம்மி மானிட்டர் நிறையதுல வெளிச்சத்தை நெஜமா குறைக்கமாட்டான், லைட்டை அணைச்சு அணைச்சு போடுவான், செகண்டுக்கு 200 தடவை சொச்சம். 100-ல வச்சா லைட் தொடர்ந்து எரியும். 15-ல வச்சா பெரும்பாலும் அணைஞ்சு கெடக்கும், நடு நடுல பளிச் பளிச்னு. கூசுதுன்னு குறைக்கக் குறைக்க மினுக்கல் கூடும். எல்லா மானிட்டரும் இப்படி இல்ல, அதனால சோதிச்சுப் பாருங்க.

ரூம் லைட்டை அணைச்சிட்டு ஸ்க்ரீன்ல வெள்ளைப் பக்கம் ஒண்ணு தொறந்து வைங்க. ஒரு பென்சிலை ஸ்க்ரீனுக்கு முன்னாடி விசிறி மாதிரி வேகமா ஆட்டுங்க. வழுவழுனு ஒரே நிழலா தெரிஞ்சா மினுக்கல் இல்ல. தனித்தனியா பத்துப் பதினஞ்சு பென்சில் விரிச்ச மாதிரி தெரிஞ்சா மினுக்குது. போன் கேமரால புரோ மோடு இருந்தா ஷட்டரை 2000-ல வச்சுப் பாருங்க, கருப்புப் பட்டை ஓடும்.

லேப்டாப் எறும்புக் கதை தனி. சார்ஜர் ரெண்டு பின்னா?

பௌதிகவாத்தியார் | புதன், காலை 5.50

அம்மா, முந்தாநாள் நான் எழுதினது தப்பு. பேய்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். பள்ளிக்கூடத்துல 32 வருஷம் இப்படித்தான், கேள்வி கேட்ட பிள்ளைய மண்டைல கொட்டிட்டு பிறகு யோசிக்கிறது.

மணி சொன்னதுக்கு ஒரு சாட்சி தரேன். 1989-ல இங்கிலாந்துல வில்கின்ஸ்னு ஒருத்தர் ஆபீஸ் டியூப்லைட்டை வச்சுப் பாத்தார். சாதா சோக் போட்ட டியூப் செகண்டுக்கு 100 தடவை மினுக்கும், எலக்ட்ரானிக் சோக் போட்டா அது கண்ணுக்கு எட்டாத வேகத்துக்குப் போயிரும். ஆளுகளுக்கு எந்த டியூப்னு சொல்லாமலே மாத்தி மாத்திப் போட்டப்போ தலைவலி பாதியாக் குறைஞ்சது. அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு உன்னை நோகடிக்குதுன்னு நீ நெனச்சது தப்பே இல்ல. அது ரேடியோ அலை இல்ல, வெளிச்சம்.

வைஃபை சந்தேகம் தீரணும்னா வீட்லயே பாக்கலாம். தம்பியோ மகனோ அடுத்த ரூம்ல ரவுட்டரை வச்சுக்கிட்டு காசு சுண்டணும், தலை விழுந்தா ஆன், பூ விழுந்தா ஆஃப். ரவுட்டர் லைட்டுல துணி போட்டு மூடிரணும், உன் போனும் லேப்டாப்பும் அந்த நேரம் அணைஞ்சிருக்கணும், இல்லைனா அடையாளம் காட்டிக் குடுத்துரும். ஒவ்வொரு தடவையும் அரைமணி நேரம் வச்சு நீ எழுது, அவனும் தனியா எழுதட்டும். 20 தடவை. குருட்டாம்போக்குல 10 சரியா வரும். 15-க்கு மேல வந்தா எனக்கு எழுது, நானே சிவகாசிக்கு பஸ் ஏறி வரேன்.

சித்திரச்செல்வி | 11 நாள் கழிச்சு, ஞாயிறு, இரவு 9.20

லேட்டுக்கு மன்னிக்கணும், தினசரி காலண்டர் ஃப்ரூஃப் போயிட்டிருந்துச்சு.

பென்சில் ஆட்டினேன். 15-ல வச்சப்ப விரிச்ச சீட்டுக்கட்டு மாதிரி தெரிஞ்சது மணி அண்ணா, எனக்கு கையே நடுங்கிருச்சு, கூட வேலை பாக்கற பிள்ளையைக் கூப்பிட்டு காமிச்சேன். 80-க்கு மேல போகப் போக மங்கி 100-ல சுத்தமா இல்ல. ஆனா 100-ல வேலை செஞ்சா ஸ்க்ரீன்ல கலர் ஒண்ணு பேப்பர்ல ஒண்ணுனு வரும், பார்ட்டி சண்டைக்கு வருவாங்க, முருகன் வேஷ்டி பச்சை ஏன் பாசி மாதிரி இருக்குனு ஏற்கனவே ஒரு தடவை வாங்கிக் கட்டியிருக்கேன். அதனால 85-ல வச்சு, ரூம்ல அணைச்சே வச்சிருந்த பின்பக்க லைட்டைப் போட்டேன். ரூம் வெளிச்சமா இருந்தா ஸ்க்ரீன் கூசல. மானிட்டரை நாலு விரக்கடை இறக்கி பின்னாடி தள்ளினேன். ரம்யா, பவர் மாறியிருந்துச்சு, ரெண்டு கண்ணுலயும்.

தலைவலி 11 நாள்ல ரெண்டு நாள்தான் வந்துச்சு.

லேப்டாப் ரெண்டு பின் சார்ஜர்தான், மூணு பின் சார்ஜர் வாங்கினேன், அப்பவும் எறும்பு. எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்டர் வச்சா லேப்டாப் மூடி மேல லைட் எரியுது. பிளக்குல எர்த்தே வரல. பின்பக்கம் எர்த் குழியைப் பாத்தா ஒயர் துருப்பிடிச்சு அத்துப்போயி கெடக்கு, எத்தனை வருஷமாவோ. உப்பும் கரியும் போட்டு புதுசா தட்டு இறக்கினாங்க. ஊர்றது நின்னுபோச்சு. வாஷிங் மெஷின்ல லேசா அடிக்கும், அதுவும் நின்னுபோச்சு, வீட்டுக்காரர் வாயைத் தொறக்கல.

வாத்தியார் சார், 20-ல 9.

ரிச்சி_மணி | ஞாயிறு, இரவு 9.41

எர்த் இல்லாத வீட்ல வாஷிங் மெஷினா, நல்லவேளை போங்க. சார்ஜருக்குள்ள இரைச்சலை அடக்க சின்ன கெபாசிட்டர் ஒண்ணு இருக்கும், அது வழியா துளியூண்டு கரண்ட் மெட்டல் பாடிக்கு கசியும், ஆளைக் கொல்லாது, கை உரசினா ஊரும். அது சார்ஜரோட கொணம். வாஷிங் மெஷின்ல அடிச்சா மட்டும் சும்மா விடக்கூடாது, கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற ஆர்சிசிபி ஒண்ணு போடச் சொல்லுங்க.

கோபுரம்_வேண்டாம் | ஞாயிறு, இரவு 10.05

அரைமணி நேரத்துல எப்படிங்க தெரியும், உடம்புல சேந்து சேந்து வரதுங்க இது. எங்கம்மாவுக்கு காசு சுண்டியா பாக்கறது?

பௌதிகவாத்தியார் | திங்கள், காலை 6.12

தம்பி, அம்மா தூங்காதது எனக்கும் வருத்தம்தான். 2012 செப்டம்பர் 1-லருந்து நம்ம நாட்டுல டவருக்கான வரம்பை சர்வதேச அளவுல பத்துல ஒண்ணாக் குறைச்சிருக்காங்க, சந்தேகம் இருந்தா தொலைத்தொடர்புத் துறைல மனு குடுத்து அளக்கச் சொல்லலாம். அளந்து பேப்பர்ல வந்தா ஒண்ணு சண்டை போட ஆதாரம் கிடைக்கும், இல்ல அம்மாவுக்கு வேற டாக்டரைப் பாக்கணும்னு தெரியும். டவர் ஜெனரேட்டர் ராத்திரில ஓடுதா? அதை முதல்ல பாரு.

எதையாவது வாங்கி மட்டும் மாட்டிராத. 2021 டிசம்பர்ல நெதர்லாந்துல 5ஜில இருந்து காப்பாத்தும்னு வித்த டாலரு, கைவளைனு பத்துப் பொருளை அரசாங்கம் சோதிச்சுது. அதுகளே கதிரியக்கம் உள்ளதுக. நெசக் கதிரியக்கம், எக்ஸ்ரே மாதிரி அயனியாக்கற வகை.

கோபுரம்_வேண்டாம் | திங்கள், காலை 8.30

ஜெனரேட்டர் ஓடுதுங்க. ராத்திரி கரண்ட் போனா எங்க பெட்ரூம் ஜன்னலுக்கு நேரா. அதைப் பத்தி யாரும் கேட்டதில்ல. மனு எழுதறேன். டவரை நான் இன்னும் நம்பலை, அது வேற.

சித்திரச்செல்வி | திங்கள், இரவு 9.05

முகம் எரியறது கொஞ்சம் கொறைஞ்சிருக்கு, போகல. ஏசி காத்து படாம ஒரு அட்டை கட்டி விட்டிருக்கேன், முதலாளி அதையும் பாத்து சிரிச்சார். வியாழக்கிழமை மதுரைல தோல் டாக்டர்கிட்ட டோக்கன். தீபன் அண்ணா சொன்ன அந்த ரோசேசியாவை எழுதி வச்சிருக்கேன், கேக்கறேன்.

இன்னைக்கு மத்தியானம் அந்த சிப்பைப் பிச்சுப் பிரிச்சுப் பாத்தேன். உள்ள ஒரு அட்டை, அதுமேல செம்புக் கலர் ஜிகினா பேப்பர். நாங்க கல்யாணப் பத்திரிகைக்குப் போடற அதே பேப்பர், ஷீட் எங்க கடைல ஆறு ரூபா. குடுத்த ஆளுக்கு போன் போட்டா சுவிட்ச் ஆஃப்.

மானிட்டர் பின்னாடி பசை அப்படியே ஒட்டிக்கிச்சு, பிசுபிசுன்னு தூசியா சேருது. என்ன போட்டா போகும் மணி அண்ணா?

ரிச்சி_மணி | திங்கள், இரவு 9.18

தேங்காண்ணெய் தொட்டு பத்து நிமிஷம் ஊற விட்டு பழைய பனியன் துணில துடைங்கம்மா. பிரஸ்ல கெடக்குதேன்னு தின்னர் மட்டும் போட்றாதீங்க, பிளாஸ்டிக் வெளுத்துரும்.